இரண்டும் தோல்தான்

கேள்வி:

எங்கள் ஊர் ஒடுகத்தூர். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் 14 வருஷம் அப்பர் தைத்தேன். விடிகாலையில் கம்பெனி வண்டி வரும், இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டேன். இப்போது வீட்டிலேயே இரண்டு மிஷின் போட்டுத் தோல் செருப்பு தைக்கிறோம். வீட்டுக்காரர் கட்டிங் பார்க்கிறார். பக்கத்துத் தெருவிலிருந்து மூன்று பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான்.

என் கொழுந்தனார் மகன் வேலூரில் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறான். ஃபோன் கேமராவைக் காலுக்கு நேராகப் பிடித்தால், போட்டிருக்கும் செருப்பின் கலர் மட்டும் மாறுகிற மாதிரி ஒன்று செய்து கொடுத்தான். ஒரு ஜோடி தைத்து வைத்துக்கொண்டு பத்து கலரையும் காட்டலாம் என்று நினைத்தோம். கறுப்புச் செருப்பை மாற்றினால் கலர் ஒட்டவே மாட்டேன் என்கிறது. டேன் செருப்பைச் சிவப்பாக்கினால் காலும் சேர்ந்து சிவக்கிறது. செருப்பும் பெயின்ட் அடித்த மாதிரி ஆகிவிடுகிறது. தையல் தெரியவில்லை, கிரெயின் தெரியவில்லை. அதைப் பார்த்து வாங்கிய ஒரு அம்மா, 'ஃபோனில் பார்த்த கலர் இது இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தைப்பதை வீடியோவில் காட்டச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். காட்டினால் பக்கத்தில் தைக்கும் பெண்களும் பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும் அதில் விழுகிறார்கள். அவர்களை மட்டும் மறைக்க வழி உண்டா?

ஒரு வாசகி, ஒடுகத்தூர்

பதில்:

உங்கள் கொழுந்தனார் மகனான தம்பி, கலரை அடையாளமாக வைத்துத்தான் செருப்பைத் தேடச் சொல்லியிருப்பார். டேன் செருப்பில் கால் சிவக்கிறது என்று நீங்கள் எழுதியதே அதைச் சொல்லிவிடுகிறது.

தமிழில் காலின் மேல் இருப்பதும் தோல், செருப்பில் இருப்பதும் தோல். கேமராவுக்கும் அப்படித்தான். ஃபோன் பார்ப்பது எண்களை மட்டுமே. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. உங்கள் டேன் தோலில் ஒரு புள்ளி 180, 120, 75 என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இருக்கும் கால் விரலில் ஒரு புள்ளி 150, 105, 75. இவற்றை 360 பாகை கொண்ட வண்ணச் சக்கரத்தில் வைத்தால் செருப்பு 26-வது பாகையில் நிற்கும், விரல் 24-வது பாகையில் நிற்கும். நிறத்தை மட்டும் வைத்து இரண்டுக்கும் நடுவே நம்பிக் கோடு கிழிக்க முடியாது. கொஞ்சம் நிழல் விழுந்தால் இரண்டும் இடம் மாறிக்கூடப் போகும்.

இது உங்கள் காலின் குறையோ உங்கள் தோலின் குறையோ இல்லை. வெளுத்த கால், மாநிறக் கால், கறுத்த கால் எதுவானாலும் மனிதத் தோலின் சாயல் ஆரஞ்சை ஒட்டிய குறுகலான ஒரு பட்டைக்குள் அடங்கிவிடும். மெலனினும் ரத்தமும் சேர்ந்து தரும் நிறம் அது. டேன், பிரவுன், கோன்யாக் என்று நீங்கள் தைக்கும் கலர்கள் எல்லாம் அதே பட்டைக்குள்தான் வருகின்றன. சினிமாவில் நடிகருக்குப் பின்னால் பச்சைத் துணி கட்டுவது இதற்காகத்தான். பச்சை, மனிதத் தோலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் நிறம். அங்கே கலரைப் பார்த்துப் பிரிக்கலாம். உங்களுடையது அதற்கு நேர் எதிரான வேலை. தோலிலிருந்து தோலைப் பிரிக்க வேண்டும்.

ஆகவே தம்பியிடம் முதலில் சொல்ல வேண்டியது: கலரை விட்டுவிட்டு உருவத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன் ஒரு சொல்லை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும், உண்மையில் அது உங்களுக்குத் தெரிந்த சொல்தான். மாஸ்க். ஃபினிஷிங்கில் ஸ்பிரே அடிக்கும்போது கலர் படக் கூடாத இடத்தில் டேப் ஒட்டுவார்கள் இல்லையா, அதே மாஸ்க். படத்தின் மேல் ஒரு கலரையோ பளபளப்பையோ மங்கலையோ ஏற்றுவது இன்று எந்த ஃபோனுக்கும் சுலபம். ஏற்றக் கூடாத இடத்தைச் சரியாக மூடுவதில்தான் முழு வேலையும் இருக்கிறது. இது புதிதும் இல்லை. 1940-ல் வந்த 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் வந்தார். அந்தக் காலத்து இரட்டை வேடக் காட்சிகளுக்குக் கேமராமேன்கள் லென்ஸின் ஒரு பாதியை மூடிக்கொண்டு ஒரு வேடத்தை எடுப்பார்கள். பிறகு ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மூடிய பாதியைத் திறந்து திறந்த பாதியை மூடி, அடுத்த வேடத்தை எடுப்பார்கள். நடுக்கோட்டை நடிகர் தாண்டினால் கை வெட்டுப்பட்டு நிற்கும். உங்கள் ஃபோன் இன்று நொடிக்கு 30 முறை அந்த மூடியைப் புதிதாக வெட்டிப் பொருத்த வேண்டியிருக்கிறது. ஒரு முறைக்குக் கிடைக்கும் நேரம் 33 மில்லி செகண்ட். கால் அசைந்தால் மூடியும் கூடவே அசைய வேண்டும்.

உருவத்தைப் பிடிப்பது எப்படி? கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு நீங்கள் எப்படிக் கற்றுக்கொடுத்தீர்களோ அப்படி, காட்டிக் காட்டி. உங்கள் செருப்பைப் போட்ட கால்களைச் சில நூறு படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் 'இதுதான் வார், இதுதான் கால்' என்று வரைந்து காட்டினால், அதிலிருந்து ஒரு சிறிய நியூரல் நெட்வொர்க் கற்றுக்கொள்ளும். முன்பெல்லாம் கையால் ஓரம் ஓரமாக வரைய நாள் கணக்கில் ஆகும். 2023 ஏப்ரலில் மெட்டா நிறுவனம் 'செக்மென்ட் எனிதிங்' என்ற மாடலை வெளியிட்டது. 1 கோடியே 10 லட்சம் படங்களில் 100 கோடிக்கும் மேற்பட்ட மாஸ்க்குகளைப் பார்த்துப் பழகிய மாடல் அது. வாரின் மேல் ஒரு புள்ளி வைத்தால் வார் முழுவதையும் அது வெட்டித் தரும். ஃபோனில் நேரலையாக ஓட அது கனமானது. ஆனால் பாடம் எழுதித் தர அதை வைத்துக்கொள்ளலாம். அது வெட்டித் தந்ததை நீங்கள் சரிபார்த்து, அதைக் கொண்டு சின்ன மாடலைப் பழக்கி ஃபோனில் போட வேண்டும். கூகுளின் மீடியாபைப் இதற்கென்றே இலவசமாகக் கிடைக்கும் கருவி, பிரவுசரிலேயே ஓடும். படிக்கிற பிள்ளைக்கு ஒரு செமஸ்டர் விடுமுறையில் முடிகிற வேலைதான்.

சரிபார்ப்பதை மட்டும் நீங்களே செய்யுங்கள். 14 வருஷம் அப்பர் தைத்த கண்ணுக்கு வார் எங்கே முடிகிறது, லைனிங் எங்கே தொடங்குகிறது என்பது தெரியும். தம்பிக்குத் தெரியாது.

எந்தக் கால்களைப் படம் எடுப்பது என்பதில் எனக்கு அழுத்தமான ஒரு கருத்து உண்டு. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களை ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆய்வாளர்கள் 2018-ல் சோதித்தார்கள். வெளுத்த நிற ஆண்களிடம் அதிகபட்சத் தவறு 0.8 சதவீதம். கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. பழகக் கொடுத்த படங்களில் கருநிறப் பெண்கள் போதுமான அளவு இல்லை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். கால்களுக்கும் இதே கதிதான். வெளிநாட்டில் சேர்த்த படங்களில் மெட்டி இருக்காது. கொலுசு இருக்காது. மருதாணி வைத்த விரல் இருக்காது, மஞ்சள் பூசிய பாதம் இருக்காது, வயலில் நின்று வெடித்த குதிகால் இருக்காது. அவற்றில் பழகிய மாடல் மெட்டியைப் பக்கிள் என்று நினைத்து அதற்கும் கலர் ஏற்றும். மருதாணிக் கறையைத் தோல் வார் என்று நினைக்கும். உங்கள் வாடிக்கையாளர்களின் கால்கள் இவைதானே? ஆகவே வீட்டுப் பெண்கள், பக்கத்து வீட்டார், உறவுக்காரர்கள் என்று கேட்டு, சம்மதித்தவர்களின் கால்களை எடுங்கள். எல்லா நிறமும் எல்லா வயதும் வர வேண்டும். 2022-ல் சமூகவியலாளர் எல்லிஸ் மங்க்கும் கூகுளும் வெளியிட்ட 10 நிற அட்டவணை ஒன்று இருக்கிறது. நீங்கள் சேர்த்த கால்களை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த நிறம் விட்டுப்போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இனி ஓரம். நீங்கள் மடித்துத் தைக்க வேண்டிய ஓரத்தை ஸ்கைவிங் மிஷினில் கொடுத்துச் சீவி மெலிதாக்குவீர்கள். சீவாமல் மடித்தால் தடித்து நிற்கும், காலைக் கடிக்கும். படத்தின் மாஸ்க்கும் சீவப்பட வேண்டும். வாரும் காலும் சேரும் இடத்தில் ஒரு புள்ளி பாதி தோலாகவும் பாதி விரலாகவும் இருக்கும். அதற்கு 'ஆம், இல்லை' என்று பதில் சொன்னால் ரம்பப் பல் போல ஓரம் தெரியும். 'பாதி' என்று சொல்லும் வசதி வேண்டும். லூகாஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984-ல் எழுதிய கட்டுரை இதற்கான கணக்கை ஒழுங்குபடுத்தியது. ஒவ்வொரு புள்ளிக்கும் 0-க்கும் 1-க்கும் நடுவே ஆல்ஃபா என்ற ஒரு எண். ஆல்ஃபா 0.4 என்றால் அந்த இடத்தில் புதிய கலர் நாலு பங்கு, பழைய படம் ஆறு பங்கு. இன்று வரை எல்லா ஃபோனும் அந்தக் கணக்கைத்தான் போடுகிறது. தம்பியின் மாஸ்க்கில் ஓரத்து இரண்டு மூன்று புள்ளிகள் இப்படிச் சீவப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். சீவல் அகலமாகப் போனாலும் கெடுதல், விரலில் கலர் கசியும்.

புடவைக் கரையோ பேன்ட்டின் கீழ்மடிப்போ செருப்பின் மேல் விழுந்தால் அதுவும் நிறம் மாறுகிறதா என்று ஒருமுறை நடந்து பாருங்கள். எது முன்னால், எது பின்னால் என்று தெரிய ஆழம் தெரிய வேண்டும். 2019-ல் ஆப்பிள் தன் ஏ.ஆர்.கிட் என்ற மென்பொருள் கருவியில் மனிதர் முன்னால் நின்றால் அவருக்குப் பின்னே பொருளை மறைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. 2020-ல் கூகுளின் அதே மாதிரிக் கருவியான ஏ.ஆர்.கோருக்கு ஆழம் அறியும் வசதி வந்தது. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. புடவைக் கரை மேலே விழுந்த படங்களையும் பாடத்தில் சேர்த்தால் போதும்.

அடுத்து, பெயின்ட் அடித்த மாதிரி இருக்கிறது என்றீர்களே, அது நிஜமாகவே பெயின்ட்தான். மாஸ்க்குக்குள் இருக்கும் எல்லாப் புள்ளிக்கும் ஒரே சிவப்பை எழுதியிருக்கிறார். தையல் குழியின் நிழலும், கிரெயினின் மேடு பள்ளமும், வார் வளையும் இடத்தின் இருட்டும் அதன் அடியில் புதைந்துவிட்டன. தோலுக்குக் கலர் ஏறும் முறை இது இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

டேனரியில் வெட் புளூவிலிருந்து கிரஸ்ட் வரை கொண்டுவந்து, சில சமயம் சாயம் ஏற்றாமலே நேச்சுரல் கிரஸ்ட்டாக அடுக்கி வைப்பார்கள். ஆர்டர் வந்த பிறகுதான் கலர். அப்போதும் கிரெயின் மறையாமல், அதன் மேலேயே நிறம் படியும். படத்துக்கும் ஒரு கிரஸ்ட் வேண்டும். அதாவது நிறத்தைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். வெளிறிய நேச்சுரல் தோலில் ஒரு ஜோடி தையுங்கள். அதில் வார் நடுவே வெளிச்சம் 0.8, தையல் குழியில் 0.3 என்று இருக்கட்டும். ஏற்ற வேண்டிய சிவப்பின் எண் 180 என்றால், அதை வெளிச்சத்தால் பெருக்க வேண்டும். நடுவே 144 வரும், குழியில் 54 வரும். ஒரே சிவப்பு, ஆனால் தையல் தெரியும், கிரெயின் தெரியும், வார் வளைவதும் தெரியும்.

கறுப்புச் செருப்பில் கலரைத் தேடும் முறைக்குப் பிடிக்கச் சாயலே கிடைக்காது, அதனால்தான் கலர் ஒட்டவில்லை. இந்தப் பெருக்கலும் அங்கே பலிக்காது. கறுப்பில் வெளிச்சம் எங்கும் 255-க்கு 10, 15 என்று அடிமட்டத்தில் கிடக்கும். எதனால் பெருக்கினாலும் கறுப்பே மிஞ்சும். மாதிரி ஜோடி நேச்சுரலாக, அல்லது வெளிர் சாம்பலாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது அதற்காகத்தான். கால் சிவக்கும் பிரச்சினைக்கும் இது கொஞ்சம் உதவும். வெளிர் சாம்பல் செருப்பு நம்மூர்க் காலிலிருந்து நன்றாகவே விலகி நிற்கும்.

பளபளப்பில் ஒரு நுட்பம் உண்டு. பாலிஷ் ஏறிய வாரில் ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னும் புள்ளி இருக்கிறதே, அதன் நிறம் தோலின் நிறம் இல்லை, ஜன்னலின் நிறம். சிவப்பு ஷூவிலும் மினுக்கு வெள்ளையாகத்தான் இருக்கும். ஸ்டீவன் ஷாஃபர் 1985-ல் இதை ஒரு சமன்பாடாகவே எழுதி வைத்தார்: ஒரு பரப்பிலிருந்து வரும் ஒளியில் ஒரு பங்கு உள்ளே போய்ச் சாயத்தைத் தொட்டு வருகிறது, மறு பங்கு மேலேயே மோதித் திரும்புகிறது. முதல் பங்கை மட்டும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் சிவப்பாக்கினால் மினுக்கும் சிவந்து, தோல் பிளாஸ்டிக் போல ஆகிவிடும். வெளிச்சம் ஒரு எல்லைக்கு மேல் போன புள்ளிகளைத் தொடாதே என்று சொல்லிவிட்டாலே பாதி சரியாகும்.

நூலையும் பக்கிளையும் மறக்க வேண்டாம். பேட்டர்ன் வெட்டும்போது வார், லைனிங், இன்சோல், பைப்பிங் என்று ஒவ்வொரு துண்டுக்கும் தனி அட்டை இருக்கும், ஒன்றாக யாரும் வெட்டுவதில்லை. மாஸ்க்கும் அப்படித் துண்டு துண்டாக இருக்கட்டும். வெள்ளை நூல் தையல் வெள்ளையாகவே நிற்க வேண்டுமென்றால் நூலுக்குத் தனி மாஸ்க். அது மிகச் சன்னமானது, தொலைவிலிருந்து பிடித்தால் மாடலுக்குத் தெரியாது. ஃபோனைப் பக்கத்தில் கொண்டுவந்தால்தான் தெரியும்.

கிரெயின் மறைவதற்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். ஃபோனில் பியூட்டி மோடு போட்டிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். முகச் சுருக்கத்தை வழிக்கிற அதே கணக்கு, தோலின் மயிர்க்கண்களையும் வழித்துவிடும். எனக்கு இதில் ஒரு பழைய வருத்தம் உண்டு. பல வருஷங்களுக்கு முன் ஒரு கடைக்காக வளையல் போட்டுப் பார்க்கும் ஃபில்டர் செய்யும் குழுவில் இருந்தேன். வளையலைக் கையில் ஏற்றும்போதே கையையும் இரண்டு மூன்று படி வெளுக்க வைக்கச் சொன்னார்கள், நாங்களும் செய்தோம். மறுநாள் அதைச் சோதிக்க வந்த ஒரு பெண் திரையில் தன் கையைப் பார்த்துவிட்டுப் புடவைத் தலைப்புக்குள் உண்மையான கையை இழுத்துக்கொண்டார். வளையலை அவர் பார்க்கவே இல்லை. செருப்பின் நிறத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றுங்கள், காலைத் தொடாதீர்கள். கால் அவருடையது. மாநிறக் காலில் சிவப்பு வார் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் ஃபோனைத் திருப்புகிறார்.

திருப்பி அனுப்பிய அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொன்னது பொய்யாக இருக்க வாய்ப்பில்லை. கம்பெனியில் ஃபினிஷிங் பக்கம் லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி பார்த்திருப்பீர்கள். பகல் வெளிச்சத்துக்கு டி65, ஐரோப்பியக் கடை விளக்குக்கு டி.எல்.84, மஞ்சள் பல்புக்கு ஏ என்று சுவிட்ச் மாற்றி மாற்றி ஒரே தோலை அதில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு தோல்கள் இன்னொரு விளக்கில் வேறு வேறாகத் தெரியும். வெளிநாட்டுக்கு அனுப்பிய சரக்கு அங்கே போய் நிராகரிக்கப்படாமல் இருக்க அந்தப் பெட்டி. உங்கள் வாடிக்கையாளர் வீட்டில் டியூப் லைட்டா, மஞ்சள் எல்.இ.டி.யா என்பது ஃபோனுக்குத் தெரியாது. அது தானாக ஒரு வெள்ளையை ஊகித்துக்கொள்கிறது. திரையும் ஃபோனுக்கு ஃபோன் மாறும், 'விவிட்' என்று வைத்திருந்தால் சிவப்பு கூடுதலாகக் கொதிக்கும்.

செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பிடிக்கச் சொல்லலாம். தாளின் நிறம் மஞ்சளுக்கோ நீலத்துக்கோ எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தச் சாய்வை ஏற்றும் கலருக்கும் கொடுத்துவிட்டால் காலும் செருப்பும் ஒரே வெளிச்சத்தில் நிற்கும். ஆனாலும் ஃபோனில் தெரியும் நிறத்தை வாக்குறுதியாக நீங்கள் தரக் கூடாது என்பதே என் முடிவு. உங்கள் ஊர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் முதுகைத் தடவி, இடுப்பைப் பிடித்துப் பார்க்காமல் யாராவது விலை பேசுகிறார்களா? கட்டிங்கில் விழும் துண்டுகளை ஒரு அங்குலச் சதுரமாக வெட்டி, பத்து கலரையும் ஒரு அட்டையில் ஒட்டி, விருப்பமானவர்களுக்குத் தபாலில் அனுப்புங்கள். ஃபோனில் பார்த்து இரண்டைத் தேர்ந்தெடுக்கட்டும், துண்டைப் பார்த்து ஒன்றை முடிவு செய்யட்டும். தோல் தொழில் காலங்காலமாகக் கலர் கார்டை நம்பித்தான் ஓடுகிறது. சென்னை அடையாறில் 1948-லிருந்து இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடுத்த பருவத்துக்கான நிறங்களை முன்கூட்டிச் சொல்வதும் தோல் துண்டுகளைக் காட்டித்தான்.

பெரிய கம்பெனிகள் எப்படிச் செய்கின்றன என்று தம்பி கேட்பார். பெலாரஸ் நாட்டில் தொடங்கிய வான்னா என்ற நிறுவனம் 2019-ல் காலில் ஷூ போட்டுப் பார்க்கும் செயலியை வெளியிட்டது. 2020-ல் குச்சி நிறுவனம் ஸ்னாப்சாட்டில் அதே மாதிரி ஒன்றைக் கொடுத்தது. அவர்கள் வழி வேறு. கணினியில் வரைந்த ஷூவைக் காலின் மேல் போர்த்துகிறார்கள். ஷூவும் பொய், தையலும் பொய், கால் மட்டும் நிஜம். உங்களிடம் தோல் நிஜம், தையல் நிஜம், வார் காலில் அழுந்துவதும் நிஜம், கலர் மட்டுமே மாறுகிறது. உங்கள் வழி அதைவிட நேர்மையானது என்று நான் நினைக்கிறேன், அதைக் கைவிட வேண்டாம். இன்னொரு எச்சரிக்கை: அடுத்தவர் மேடையில் கட்டாதீர்கள். இன்ஸ்டாகிராம் ஃபில்டர் செய்யும் மெட்டா ஸ்பார்க்கை 2025 ஜனவரி 14-ஆம் தேதி மூடிவிட்டார்கள். அதில் வருஷக்கணக்கில் உழைத்தவர்களின் ஃபில்டர்கள் ஒரே நாளில் போயின. உங்களுக்கென்று ஒரு சின்ன வலைப்பக்கம் போதும், லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்.

கடைசியாக, உடன் தைக்கும் பெண்கள். என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்தில் முக்கியமான கேள்வி இதுதான்.

தம்பி செய்தது போல, கண்ணெதிரே இருப்பதன் மேல் கணினி எதையாவது ஏற்றிக் காட்டும் வித்தைக்கு ஆகுமென்டட் ரியாலிட்டி என்ற பெயர் 1990-ல் போயிங் விமானக் கம்பெனியில் பிறந்தது. விமானத்துக்கான ஒயர்களைப் பலகையில் அடுக்கும் தொழிலாளிக்கு வரைபடம் கண்ணெதிரே பலகையின் மேலேயே தெரிய வேண்டும் என்று டாம் காடெல் யோசித்தபோது வைத்த பெயர். தொழிலாளியின் கைக்கு உதவத் தொடங்கிய வித்தை அது. உங்கள் வீட்டில் அது தொழிலாளியின் முகத்தைக் காக்கவும் பயன்படட்டும்.

முகங்களை மட்டும் கண்டுபிடித்து மங்கலாக்குவது சுலபம், எல்லாக் கருவியிலும் இருக்கிறது. அதில் ஒரு ஆபத்து உண்டு. நொடிக்கு 30 படத்தில் ஒரே ஒரு படத்தில் முகத்தைத் தவறவிட்டாலும் அந்த முகம் வெளியே போய்விடும். குனிந்து தைக்கும் முகம், முக்காடு போட்ட முகம், ஓடி வரும் பிள்ளையின் முகம் ஆகியவற்றை அது தவறவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒருவருக்கு அந்த ஒரு படம் போதும். ஆகவே தலைகீழாகச் செய்யச் சொல்லுங்கள். தொடக்கத்தில் படம் முழுவதும் மூடியிருக்கட்டும். உங்கள் கையையும் மிஷின் ஊசியையும் செருப்பையும் மாடல் அடையாளம் கண்ட இடத்தில் மட்டும் மூடி திறக்கட்டும். மாடல் தவறினால் செருப்பு ஒரு நொடி மறையும், அவ்வளவுதான். யாருடைய முகமும் வெளியே போகாது. மூடுவதும் லேசான மங்கலாக இருக்கக் கூடாது, லேசாக மங்கிய முகத்தைத் தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுவிடுவார்கள். முழுவதும் ஒரே நிறமாக அடைத்துவிடுவதே பாதுகாப்பு. இந்த வேலை ஃபோனுக்குள்ளேயே முடிந்து, அடைத்த படம்தான் வெளியே போக வேண்டும். மூடாத படம் எந்த சர்வருக்கும் போகக் கூடாது.

ஆனால் இதற்குக் கணினிகூட வேண்டாம். ஃபோனை ஒரு ஸ்டாண்டில் வைத்து, மேலிருந்து மிஷின் மேஜையை மட்டும் பார்க்கும்படி கவிழ்த்துவிடுங்கள். பின்னால் ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டிவிடுங்கள். நீங்கள் தைப்பதைப் பார்க்க வருபவர்களுக்கு வேண்டியது உங்கள் கைதான். பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரத்தில் வீடியோ வேண்டாம். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது.

அந்த மூன்று பெண்களில் யாராவது தன் முகமும் தெரியட்டும் என்று விரும்பலாம். தான் தைத்த செருப்போடு நிற்க ஆசைப்படலாம். அப்படி அவர் வாய்விட்டுச் சொன்னால் அவருக்கு மட்டும் மூடியைத் திறந்துவிடுங்கள். மறுநாள் வேண்டாம் என்றால் மறுநாளே மூடிவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. அதற்கு ஒரு பொத்தானைத் தம்பி வைத்துத் தரட்டும், தைத்துக்கொண்டே அவர்கள் கைக்கு எட்டுகிற இடத்தில்.